உரம் கலந்தால் குழாயில் அழுத்தம் குறையுமா?

தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டி, பென்னாகரம், பாலக்கோடு வட்டாரங்களில் தக்காளி, மஞ்சள், கரும்பு, மல்பெரி ஆகிய பயிர்களுக்குச் சொட்டு நீர்ப் பாசனம் அமைத்துள்ள விவசாயிகள் பலர். அவர்களில் பெரும்பாலோர் உரத்தையும் அதே குழாய் வழியாகவே செலுத்தி வருகின்றனர். இவ்வாறு உரம் செலுத்தும் நேரத்தில் அழுத்தமானியின் முள் சட்டென்று இறங்குவதையும், வயலின் கடைசி வரிசைகளில் சொட்டு மெலிவதையும் தாங்கள் கவனித்திருக்கலாம். "யூரியா கரைந்ததும் தண்ணீர் கெட்டியாகி விடுகிறது, அதனால்தான் குழாயில் ஓட மறுக்கிறது" என்று இதற்குக் காரணம் சொல்லப்படுவதுண்டு. சிலர் இதை நம்பி உரத்தின் அளவைக் குறைத்து விடுகின்றனர். வேறு சிலர் பெரிய மோட்டார் வாங்க முற்படுகின்றனர். இரண்டும் பண நட்டம். உண்மைக் காரணத்தை அறிந்துகொண்டால் பெரும்பாலான தோட்டங்களில் சில நூறு ரூபாய்ச் செலவிலேயே குறையைத் தீர்த்து விடலாம்.

குழாயில் அழுத்தம் ஏன் குறைகிறது?

குழாயில் ஓடும் நீர் குழாயின் உட்சுவரோடு உராய்கிறது. தனக்குள்ளும் சுழன்று மோதிக் கொள்கிறது. இதற்காக மோட்டார் கொடுத்த அழுத்தத்தில் ஒரு பகுதி செலவாகி விடுகிறது. இதையே உராய்வு இழப்பு என்கிறோம். இதை மீட்டர் கணக்கில் சொல்வது வழக்கம். 10 மீட்டர் உயரமுள்ள நீர்த் தம்பம் தரும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ ஆகும். சாதாரணச் சொட்டுவான்கள் நன்கு வேலை செய்ய வேண்டிய அழுத்தமும் இந்த 1 கிலோதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 60 சென்ட் நிலத்தில் ஒன்றரை மீட்டர் இடைவெளியில் பக்கவாட்டுக் குழாய்களும், அவற்றில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவானும் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 2,700 சொட்டுவான்கள் வரும். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் கொடுத்தால் மணிக்கு 10,800 லிட்டர், அதாவது விநாடிக்கு 3 லிட்டர் நீர் தேவை. கிணறு வயலிலிருந்து 200 மீட்டர் தள்ளி இருக்கிறது. இந்த நீரை 50 மில்லிமீட்டர் பி.வி.சி. குழாயில் கொண்டு வந்தால் வழியில் மட்டும் சுமார் 14 மீட்டர் அழுத்தம் தொலையும். 63 மில்லிமீட்டர் குழாயானால் 4 மீட்டர். 75 மில்லிமீட்டர் குழாயானால் 2 மீட்டருக்கும் குறைவு. குழாயின் சுவர் கனத்தைப் பொறுத்து இந்த எண்கள் சற்றுக் கூடலாம், குறையலாம். ஆனால் ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் மாறாது.

விட்டம் சிறிது குறைந்தாலே இழப்பு இவ்வளவு ஏறுவது பலருக்கு வியப்பாக இருக்கும். அதே அளவு நீர் ஓடும்போது குழாயின் உள்விட்டம் பாதியானால் இழப்பு இரண்டு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை. ஏறக்குறைய 29 மடங்காகிறது. அதே குழாயில் நீரின் அளவை இரட்டித்தால் இழப்பு மூன்றரை மடங்குக்கு மேல் கூடும். குழாய் வாங்கும்போது மீட்டருக்குச் சில ரூபாய் மிச்சம் பிடிக்க நினைப்போர் இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கில் 50 மில்லிமீட்டர் குழாய்க்கும் 63 மில்லிமீட்டர் குழாய்க்கும் உள்ள 10 மீட்டர் வேறுபாட்டைச் சமாளிக்க மட்டும் சுமார் ஒரு குதிரைத் திறன் கூடுதலாக வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் பெரும்பாலான விவசாய மின் இணைப்புகளுக்குக் கட்டணம் இல்லாததால் இந்த நட்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மும்முனை மின்சாரம் கிடைக்கும் சில மணி நேரத்தில் வயலுக்கு வந்து சேரும் தண்ணீர் குறைந்து போவதுதான் இதன் விலை.

நீர் கெட்டியானால் என்ன ஆகும்?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரு திரவம் எவ்வளவு தடையோடு ஓடுகிறது என்பதை அதன் பாகுத்தன்மை காட்டும். கரும்புச் சாறு கொப்பரையில் ஊற்றும்போது தண்ணீர் போல் ஓடுகிறது. காய்ச்சக் காய்ச்சப் பாகாகித் துடுப்பைப் பிடித்து இழுக்கிறது. நீரில் எதைக் கரைத்தாலும் பாகுத்தன்மை ஓரளவு மாறும் என்பது மெய்தான். எவ்வளவு கரைத்தால் எவ்வளவு மாறும் என்பதே கேள்வி.

இதை நன்றாகக் கணக்கிட்டுப் பார்த்தவர்கள் குளிர்நாட்டுப் பொறியாளர்கள். அங்கே வீடுகளையும் கண்ணாடிப் பயிர்க்கூடங்களையும் சூடாக்க வெந்நீரைக் குழாய்களில் சுற்றி வரச் செய்கின்றனர். மழைக்காலம் போல் அங்கே உறைபனிக் காலம் ஒன்று உண்டு. குழாய்க்குள் நீர் உறைந்தால் பனிக்கட்டி விரிந்து குழாயைப் பிளந்து விடும். இதைத் தடுக்கக் கிளைக்கால் என்ற திரவத்தை நீரில் கலக்கின்றனர். நம் டிராக்டர் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. நூற்றுக்கு 30 பங்கு புரோப்பிலீன் கிளைக்கால் கலந்த நீர், 20 டிகிரி வெப்பத்தில் வெறும் நீரைப் போல் சுமார் இரண்டரை மடங்கு பாகுத்தன்மை உடையது. 50 பங்கு கலந்தால் சுமார் ஆறு மடங்கு. குளிர் கூடக்கூட இது இன்னும் ஏறும்.

ஆறு மடங்கு கெட்டியானால் அழுத்த இழப்பும் ஆறு மடங்காகுமா என்றால், ஆகாது. வேகமாக நீர் ஓடும் குழாயில் 30 பங்குக் கலவைக்கு இழப்பு சுமார் கால் பங்குதான் கூடும். 50 பங்குக் கலவைக்குச் சுமார் ஒன்றரை மடங்காகும். காரணம் என்ன? 1883-ஆம் ஆண்டில் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் ஒரு கண்ணாடிக் குழாயில் ஓடும் நீருக்குள் மெல்லிய சாய இழையை விட்டுப் பார்த்தார். நீர் மெதுவாக ஓடியபோது சாயம் நூல் பிடித்தாற்போல் நேராகச் சென்றது. வேகம் ஓர் அளவைத் தாண்டியதும் இழை அறுந்து, சுழன்று, குழாய் முழுவதும் கலங்கியது. நேராக ஓடும்போது இழப்பைத் தீர்மானிப்பது பாகுத்தன்மையே. அது இரட்டித்தால் இழப்பும் இரட்டிக்கும். கலங்கி ஓடும்போதோ சக்தியின் பெரும்பகுதி சுழல்களில் செலவாகிறது. பாகுத்தன்மையின் பங்கு சிறிதாகி விடுகிறது. நம் பாசன முதன்மைக் குழாய்களில் ஓட்டம் எப்போதும் கலங்கிய ஓட்டமே.

ஆனாலும் குளிர்நாட்டார் கிளைக்காலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. கிளைக்கால் கலந்த நீர் வெறும் நீரை விடக் குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். அதே வெப்பத்தைக் கொண்டு சேர்க்க அதிக நீரை ஓட்ட வேண்டும். ஓட்டம் கூடினால் இழப்பும் ஏறும். அவர்களுக்கு இரட்டை அடி. நமக்கு இந்தத் தொல்லை இல்லை.

யூரியாக் கரைசலின் கணக்கு

3 கிலோ யூரியாவை 15 லிட்டர் நீரில் கரைத்தால் ஏறக்குறைய 17 லிட்டர் கரைசல் கிடைக்கும். வெஞ்சுரி இதை மணிக்கு 60 லிட்டர் வீதம் உறிஞ்சினால் 17 நிமிடத்தில் தொட்டி காலியாகும். அந்த 17 நிமிடத்தில் முதன்மைக் குழாய் வழியாகச் செல்லும் நீர் 3,060 லிட்டர். ஆக, குழாயில் ஓடும் ஒவ்வொரு லிட்டரிலும் இருப்பது 1 கிராம் யூரியா. நூற்றில் பத்தில் ஒரு பங்கு. குளிர்நாட்டார் நூற்றுக்கு 30, 50 பங்கு கலந்தும் இழப்பு கால் பங்கும் அரைப் பங்கும்தான் கூடுகிறது என்றால், இந்த ஒரு கிராம் என்ன செய்யும்? எந்த அழுத்தமானியிலும் தெரியாது. மார்கழி விடியலில் நீர் பத்து டிகிரி குளிர்ந்திருப்பதால் வரும் மாறுதல் கூட இதைவிடப் பெரிது. அதுவே நூற்றுக்கு ஐந்து அளவில்தான் இருக்கும்.

எனவே உரத்தின் மேல் பழி போடுவதற்கு இடமில்லை. சந்தேகம் உள்ளவர்கள் தங்கள் தோட்டத்திலேயே சோதிக்கலாம். உரத்தொட்டியில் உரமே போடாமல் வெறும் தண்ணீரை ஊற்றி, வழக்கம்போல் வெஞ்சுரியை இயக்குங்கள். முள் அதே அளவு இறங்கும். குற்றவாளி வெஞ்சுரி அமைப்பே என்பது அப்போது தெளிவாகும்.

வெஞ்சுரி எடுத்துக்கொள்ளும் பங்கு

வெஞ்சுரியின் நடுப்பகுதி குறுகலாக இருக்கும். நீர் அங்கே வேகமெடுக்கும்போது அழுத்தம் விழுந்து உறிஞ்சல் உண்டாகிறது. உரக்கரைசல் உள்ளே இழுக்கப்படுகிறது. இந்த வேலைக்குக் கூலியாக, வரும் அழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வெஞ்சுரி எடுத்துக்கொள்ளும். சில அமைப்புகளில் இன்னும் கூடும். நாம் பக்க வழியில் வெஞ்சுரியைப் பொருத்தி, நேர் வழியிலுள்ள வால்வைப் பாதி மூடுகிறோம் அல்லவா? அந்த வால்வை மூடுவதுதான் வயல் முழுவதற்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது.

சொட்டுவானில் 1 கிலோவாக இருந்த அழுத்தம் 0.7 கிலோவாக இறங்கினால் மணிக்கு 4 லிட்டர் தரும் சொட்டுவான் சுமார் 3.35 லிட்டர்தான் தரும். எல்லா இடத்திலும் சமமாகக் குறைந்தால் இது பெரிய குறை அன்று. பத்து நிமிடம் கூடுதலாக ஓட்டினால் சரியாகி விடும். ஆனால் மேடு பள்ளமான நம் நிலத்தில் அப்படி நிகழ்வதில்லை. ஒரு மீட்டர் மேட்டுக்குப் பத்தில் ஒரு கிலோ அழுத்தம் போய்விடும். வயல் முகப்பில் தாராளமாக அழுத்தம் இருந்தவரை தெரியாத இந்த வேறுபாடு, அழுத்தம் இறங்கியதும் வெளிப்படுகிறது. பள்ளத்துச் செடிக்கு உரம் மிகுதி. மேட்டுச் செடிக்குப் பட்டினி. தக்காளியில் ஒரே வயலில் ஒரு பக்கம் இலை கரும்பச்சையாகச் செழித்தும் மறுபக்கம் வெளிறியும் நின்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

வயலின் அளவுக்கு ஏற்ற சிறிய வெஞ்சுரியே போதும். வால்வைத் தேவைக்கு மேல் மூட வேண்டாம். உறிஞ்சல் தொடங்கும் வரை மெல்ல மூடி, அந்த நிலையில் நிறுத்துங்கள். உரமிட்டு முடிந்ததும் வால்வை முழுவதும் திறந்து விட வேண்டும். இதை மறந்து விட்டு, அடுத்த வாரம் முழுவதும் பாதி மூடிய வால்வோடு பாசனம் செய்து, மோட்டாரைக் குறை சொல்வது அடிக்கடி நடப்பதுதான். அழுத்தத்துக்கு வழியே இல்லாத இடங்களில் வெஞ்சுரிக்குப் பதிலாக, அழுத்த இழப்பு குறைவாக உள்ள உரத்தொட்டி முறையைக் கையாளலாம்.

தொட்டி முழுவதும் காலியாகும் முன்பே உறிஞ்சு குழாயின் வால்வை மூடி விடுங்கள். இல்லாவிட்டால் காற்று உள்ளே போய்க் குழாய்களில் தங்கும். மின்சாரம் திடீரென நின்றால் உரநீர் பின்னோக்கிக் கிணற்றுக்கே வடிந்து விடக்கூடும். பல வீடுகளில் குடிநீரும் அதே கிணறுதான். மோட்டாருக்கும் வெஞ்சுரிக்கும் இடையில் ஒருவழி வால்வு கட்டாயம் இருக்க வேண்டும்.

உரம் செய்யும் உண்மையான கெடுதல்

உரநீர் அன்று அழுத்தத்தைக் குறைப்பதில்லை. ஆனால் தவறான உரத்தைத் தவறான நீரில் கலந்தால் சில மாதங்களில் குழாயையே குறுக்கி விடும். தருமபுரி மாவட்டத்து ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் நீர் கடினமானது. புளூரைடும் மிகுதி, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டு வரப்பட்டதற்கு அதுவே காரணம். கடின நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தோடு மணிச்சத்து உரம் சேர்ந்தால் கரையாத வெண்படிவு உண்டாகிறது. சூப்பர் பாஸ்பேட்டைச் சொட்டு நீரில் அறவே விடக் கூடாது. கடையில் கிடைக்கும் சாதாரண டி.ஏ.பி.யும் ஏற்றதன்று. மணிச்சத்துக்கு மானோ அம்மோனியம் பாஸ்பேட் போன்ற முழுதும் கரையும் உரங்களைப் பயன்படுத்தலாம். பொட்டாஷில் சிவப்பு நிறமுள்ளதைத் தவிர்த்து வெள்ளை நிறமுள்ளதை வாங்க வேண்டும். சிவப்புக்குக் காரணமான இரும்புத் துரு நீரில் கரையாது. கால்சியம் நைட்ரேட்டைப் பாஸ்பேட், சல்பேட் உரங்களோடு ஒரே தொட்டியில் கலந்தால் தொட்டியிலேயே பால் திரிந்தாற்போல் ஆகும்.

படிவின் விளைவைக் கணக்கிட்டால் திகைப்பாக இருக்கும். 63 மில்லிமீட்டர் குழாயின் உட்சுவரைச் சுற்றி 2 மில்லிமீட்டர் உப்புப் படிந்தால் இழப்பு 40 சதவீதம் ஏறும். குளிர்நாட்டான் பாதிக்குப் பாதி கிளைக்கால் ஊற்றி அடைகிற தொல்லையில் பெரும்பகுதியை நாம் வெறும் உப்பிலேயே அடைந்து விடுகிறோம். 16 மில்லிமீட்டர் பக்கவாட்டுக் குழாயில் ஒரே ஒரு மில்லிமீட்டர் படிந்தாலே இழப்பு இரட்டிக்கும். படிவு சொரசொரப்பாக இருப்பதால் உண்மையில் இன்னும் கூடும்.

ஜீவாமிர்தம், பஞ்சகவ்யம் போன்றவற்றைச் சொட்டுநீரில் விடுவோர் பெருகி வருகின்றனர். தொட்டியில் இருக்கும் நிலையில் இவை கெட்டியானவைதாம். வெஞ்சுரியின் சன்னமான உறிஞ்சு குழாயில் இவை தயங்கித் தயங்கி ஏறும்; அங்கே பாகுத்தன்மை மெய்யாகவே வேலை செய்கிறது. ஒரு பங்குக்கு ஐந்தாறு பங்கு நீர் கலந்து, இரண்டு மடிப்புத் துணியில் வடிகட்டி விட்டால் இது தீரும். முதன்மைக் குழாயில் போய்ச் சேர்ந்த பின் கெட்டித்தன்மை ஒரு பொருட்டன்று. சாணத் துகளும், வெல்லத்தின் இனிப்பைத் தின்று குழாய்க்குள் வளரும் வழவழப்பான பாசியும்தான் தொல்லை. இவற்றை விட்ட பிறகு அரை மணி நேரமாவது நல்ல நீரை ஓட்டிக் குழாய்களின் கடைமூடிகளைத் திறந்து கழுவி விட வேண்டும்.

வடிகட்டியும் நீளமான குழாயும்

வடிகட்டிக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் அழுத்தமானி இருந்தால் நல்லது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு அரைக் கிலோவை எட்டினால் உடனே வடிகட்டியைக் கழுவ வேண்டும். ஒரே அழுத்தமானி உள்ளவர்கள் அதையே மாற்றி மாற்றிப் பொருத்தியும் பார்க்கலாம்.

வயலை ஒட்டிப் புதிதாகத் திருத்திய நிலத்துக்கும் பழைய பக்கவாட்டுக் குழாயையே நீட்டிக் கொள்வது ஒரு வழக்கமாகி விட்டது. 16 மில்லிமீட்டர் குழாயில் 60 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டுவான் இருந்து, நீளம் 60 மீட்டராக இருந்தால் இழப்பு ஒன்றேகால் மீட்டர்தான். அதையே 100 மீட்டருக்கு நீட்டினால் கணக்குப்படி 5 மீட்டருக்கு மேல் போய்விடும். இருந்த 10 மீட்டரில் பாதி! கடைசிச் செடிக்கு முதல் செடிக்குக் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு நீர் கிடைத்தாலே அதிகம். நீட்டுவதற்குப் பதிலாகத் துணைக்குழாயை வயலின் நடுவே கொண்டு வந்து இருபுறமும் ஐம்பது ஐம்பது மீட்டராகப் பிரித்து விடுவது சிறந்தது.

அளந்து பார்க்கும் முறை

இதற்கு ஒரு டம்ளரும், மில்லிலிட்டர் குறித்த ஒரு குப்பியும், கைக்கடிகாரமும் போதும். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் 3 நிமிடத்தில் 200 மில்லிலிட்டர் தர வேண்டும். முதல் வரிசையில் முதல் சொட்டுவான், கடைசிச் சொட்டுவான். கடைசி வரிசையிலும் அவ்வாறே இரண்டு. இந்த நான்கு இடங்களிலும் பிடித்து எழுதிக் கொள்ளுங்கள். முதலில் வெஞ்சுரி இல்லாமலும், பிறகு வெஞ்சுரி ஓடும்போதும் அளக்க வேண்டும். வெஞ்சுரி இல்லாதபோதே கடைசி இடத்தில் 180 மில்லிலிட்டருக்குக் குறைந்தால் குறை குழாயிலோ, படிவிலோ, வடிகட்டியிலோ உள்ளது. வெஞ்சுரி ஓடும்போது மட்டும் குறைந்தால் வால்வைச் சரி செய்தால் போதும்.

உரமிடும் நாளில் மொத்தப் பாசன நேரத்தை நான்கு பங்காக்கி, முதல் பங்கில் வெறும் நீரை ஓட்ட வேண்டும். அதற்குள் குழாய்கள் நிரம்பி அழுத்தம் சீராகி விடும். நடு இரண்டு பங்கில் உரம். கடைசிப் பங்கில் மீண்டும் வெறும் நீர். யூரியாவைக் கரைக்கும்போது வாளி சில்லென்று குளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்ன அளவில் கரைசல் சுமார் 10 டிகிரி வரை குளிரும். குளிர்ந்த நீரில் உரம் கரைய மறுக்கும். ஆகவே அரை மணி முன்னதாகவே கரைத்து வைத்துக் கொள்ளுங்கள். ஒரு கிலோ வெள்ளைப் பொட்டாஷுக்குக் குறைந்தது 3 லிட்டர் நீரும், ஒரு கிலோ பொட்டாசியம் சல்பேட்டுக்கு 10 லிட்டர் நீரும் வேண்டும்.

உப்புப் படிவை நீக்க அமிலச் சிகிச்சை

படிவு கண்ட குழாய்களுக்கு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை வெஞ்சுரி வழியாகவே செலுத்தலாம். குழாயின் கடைசியில் வரும் நீரின் கார அமில நிலை 4 ஆகும் வரை செலுத்தி, மோட்டாரை நிறுத்தி, 24 மணி நேரம் அப்படியே விட வேண்டும். மறுநாள் கடைமூடிகளைத் திறந்து தெளிந்த நீர் வரும் வரை ஓட்டுங்கள். கார அமில நிலையைக் காட்டும் தாள் சோதனைப் பொருள் கடைகளில் கிடைக்கும். எப்போதும் தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும். அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் தெறித்து முகத்தையும் கையையும் சுட்டு விடும். பாசிக்காக பிளீச்சிங் பவுடர் கரைசல் விடுவோர், அமிலம் விட்ட அன்றே அதை விடக் கூடாது. இரண்டும் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். தங்கள் கிணற்று நீரின் தன்மையை அறிந்த பிறகு இதைச் செய்வது நல்லது. பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தை இதற்காக அணுகலாம்.

டிராக்டர் கூலண்டைப் பற்றிச் சொன்னதால் ஒரு எச்சரிக்கை. அதில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்புச் சுவையுள்ள கொடிய நஞ்சு. ரேடியேட்டரைக் கழுவி ஊற்றிய நீரை நாயோ கன்றோ நக்கிக் குடித்தால் சிறுநீரகம் கெட்டு இறந்து விடும். வாய்க்கால் ஓரத்தில் ஊற்றாதீர்கள். கூலண்ட் வந்த டப்பாவை உரம் கரைக்கவோ தண்ணீர் மொள்ளவோ எடுக்க வேண்டாம்.